சிட்ரோயன் பிஎக்ஸ்: பச்சை எண்ணெயும் நைட்ரஜன் கோளமும்

சிட்ரோயன் பிஎக்ஸ் காரின் சஸ்பென்ஷன், எண்ணெய் அழுத்தத்தாலும் கோளங்களில் அடைத்த நைட்ரஜனாலும் இயங்குகிறது. இதற்குப் பச்சை நிற எல்எச்எம் மினரல் ஆயில் மட்டுமே. சாதாரண பிரேக் ஆயில் கலந்தால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். பிரேக்கும் இதே எல்எச்எம்மில்தான் இயங்குகிறது. அலட்சியம் உயிருக்கே ஆபத்து.

அளவு பார்க்க, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, உயரத்தை மாற்றும் லீவரால் வண்டியை உச்ச உயரத்துக்கு ஏற்றுங்கள். தொட்டியின் மிதவை இரு கோடுகளுக்கு நடுவே நிற்கவேண்டும்.

எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை 'டக்' என்றால், பெரும்பாலும் அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் அக்குமுலேட்டர் கோளத்தில் நைட்ரஜன் குறைந்திருக்கும். மேடுபள்ளத்தில் கட்டைபோல் இடித்தால் சக்கரக் கோளங்களைப் பாருங்கள்.

கோளத்தைக் கழற்றும்முன், இன்ஜினை நிறுத்தி, லீவரைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து, ரெகுலேட்டரின் 12 மி.மீ. ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்துங்கள். முழுதும் எடுத்தால் உள்ளிருக்கும் குட்டிக் குண்டு உருண்டு தொலைந்துவிடும். புது ரப்பர் சீல் ஒன்றை எல்எச்எம்மில் நனைத்து மாட்டி, கோளத்தைக் கையாலேயே இறுக்குங்கள். ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் நுழையாதீர்கள்: அழுத்தம் போனால் வண்டி தரையோடு உட்கார்ந்துவிடும்.