ஹேண்ட்ஸ்வொர்த் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினைப் பற்றி எழுதுகிறவர்கள் "பர்மிங்காமில் இருந்த சோஹோ தொழிற்சாலை" என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். பின்னாளில் வாட்டின் தொழில் கூட்டாளியான மேத்யூ போல்டன் அதைக் கட்டிய 1760களில் அந்த இடம் ஹேண்ட்ஸ்வொர்த் என்ற தனி ஊர், ஸ்டாஃபோர்ட்ஷயர் கவுன்டி (கவுன்டி என்பது இங்கிலாந்தின் பெரிய நிர்வாகப் பிரிவு). பர்மிங்காம் இருந்ததோ பக்கத்து வாரிக்‌ஷயரில். ஹேண்ட்ஸ்வொர்த் பர்மிங்காமோடு சேர்ந்தது 1911 நவம்பர் 9 அன்று. அதற்குள் போல்டன் இறந்தே நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்றைய ஊரைப் பார்ப்பதால் வரும் வினை இது. ஆஸ்டன், எர்டிங்டன், யார்ட்லி, கிங்ஸ் நார்ட்டன் எல்லாம் அதே நாளில்தான் நகரத்துக்குள் வந்தன. (ஆஸ்டன் வில்லா கால்பந்து அணி 1910 வரை வென்ற ஆறு லீக் பட்டங்களும், அவர்களுடைய மைதானம் பர்மிங்காம் எல்லைக்கு வெளியே இருந்த காலத்தில் வந்தவை!)

குடும்ப வரலாறு தேடுபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது ஏப்ரல் 2 அன்று, அதாவது இணைப்புக்கு ஏழு மாதம் முன்பு. ஆகவே அந்தப் பதிவில் ஹேண்ட்ஸ்வொர்த் இன்னும் ஸ்டாஃபோர்ட்ஷயர்தான். அந்தக் காலப் பிறப்பு, இறப்புப் பதிவுகளோ வெஸ்ட் பிராம்விச் பதிவு வட்டத்தின் கீழ் இருக்கும். பர்மிங்காம் பட்டியலை மட்டும் புரட்டிவிட்டு, தாத்தாவின் தாத்தா பிறக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அப்புறம் எண்ணிக்கை. 1911-க்கு ஒரு புத்தகம் பர்மிங்காம் மக்கள்தொகை சுமார் 5.25 லட்சம் என்னும், இன்னொன்று 8.4 லட்சம் என்னும். இரண்டும் சரி, முதலாவது பழைய எல்லைக்கு, இரண்டாவது விரிந்த எல்லைக்கு. எந்த எல்லை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால், ஒரே வருஷத்தில் ஊர் வீங்கியது போலத் தெரியும்.

1894 முதல் 1911 வரை ஹேண்ட்ஸ்வொர்த் 'நகர்ப்புற மாவட்டம்'. மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆபீஸை நினைக்க வேண்டாம்; கவுன்டிக்குக் கீழே தெரு, சாக்கடை போன்றவற்றைக் கவனித்த சின்ன மன்றம் அது, நம் நகராட்சி மாதிரி.

பெர்ரி பாரையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். பழைய ஹேண்ட்ஸ்வொர்த் திருச்சபை வட்டத்தில் இருந்த ஊர்தான் என்றாலும், 1894-லேயே தனி மன்றமாகி, 1928-ல்தான் பர்மிங்காமோடு சேர்ந்தது.

கடைசியாக ஒரு பொறி: யார்க்‌ஷயரிலும் ஒரு ஹேண்ட்ஸ்வொர்த் உண்டு. அதுவும் நகர்ப்புற மாவட்டம்தான், அதையும் ஒரு நகரம்தான் விழுங்கியது: 1921-ல், ஷெஃபீல்டு.