அலுவலக அதிகாரமும் ஃபூக்கோவும்: ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் முகாமைத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஆய்வேட்டு வரைவோடு என் வீட்டுக்கு வருவதுண்டு. நிறுவனங்களில் அதிகாரம் என்பது தலைப்பானால், உள்ளே பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ கட்டாயம் இருப்பார். வரட்டும், நல்லதுதான். ஆனால் எல்லோரும் அதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள்.

முதல் வழுக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. பௌதிகவியலில் 'பவர்' நமக்கு வலு. நிறுவனத்துக்குள் வந்ததும் அதுவே அதிகாரம் ஆகிவிடுகிறது. அதிகாரம் என்றால் அதிகாரி, அதிகாரி என்றால் அவருடைய அறை, மேசை, கையொப்பம். பிறகு ஆய்வு முழுவதும் 'யாரிடம் இருக்கிறது' என்ற தேடல்தான். ஃபூக்கோ எழுதிய பிரெஞ்சில் 'பூவ்வார்' என்பது அதிகாரத்தையும் குறிக்கும், 'முடியும்' என்ற வினையாகவும் வரும். அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

'யாரிடம்' என்பது கெட்ட கேள்வி இல்லை, அதற்கு வேறு பரம்பரை உண்டு. ஒருவர் மற்றவரைக் கொண்டு, அவர் தானாகச் செய்யாத ஒன்றைச் செய்விப்பதே அதிகாரம் என்றார் அமெரிக்க அரசறிவியலாளர் ரொபர்ட் டால், 1957இல். சில விடயங்கள் கூட்டத்துக்கே வராமல் பார்த்துக்கொள்வதும் அதிகாரம்தான் என்று 1962இல் பக்ராக்கும் பராட்ஸும் சேர்த்தார்கள். ஆட்களின் விருப்பத்தையே வடிவமைக்கலாம் என்றார் ஸ்டீவன் லூக்ஸ், 1974இல். இந்த லூக்ஸை, எல்லோருக்கும் பொதுவான ஒரே உண்மை என்பதைச் சந்தேகிக்கிற பின்நவீனத்துவப் பட்டியலில் போடாதீர்கள். ஆட்களுக்கே தெரியாமல் மறைக்கப்பட்ட 'உண்மையான நலன்' ஒன்று அவர்களுக்கு உண்டு என்பது அவர் கருத்து. ஃபூக்கோவுக்கு அதிகாரம் தொடாத அப்படியொரு இடம் இல்லை. சொல்லப்போனால், பின்நவீனத்துவர் என்ற பட்டத்தை ஃபூக்கோவே ஏற்கவில்லை. 1979இல் அந்தச் சொல்லைத் தத்துவத்தில் பரப்பியவர் லியோதார் என்ற இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதி. இரண்டு பேரையும் ஒரே வசனத்தில் கட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது பனோப்டிகன். ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாம் 1791இல் அச்சிட்ட சிறைத் திட்டம் அது: வட்டமான கட்டடம், சுற்றிவர அறைகள், நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்று கைதிக்குத் தெரியாது, அதனால் எந்நேரமும் அடங்கி நடப்பார். ஃபூக்கோ 1975இல் அதை எடுத்துக் காட்டியதும் இதற்காகத்தான். நம் பிள்ளைகளோ அலுவலகத்து விரலடையாள இயந்திரத்தைப் பனோப்டிகன் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இயந்திரம் காலையில் ஒரு தடவை, பின்னேரம் 4.15க்கு ஒரு தடவை விரலைக் கேட்கும். இடையில் தேத்தண்ணிக் கடையில் யார் இருந்தார் என்று அதற்கு என்ன தெரியும்? முந்தி வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுத்தார்களே, அந்த வேலைதான் அதற்கு.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற ஒரு பிள்ளை குச்சவெளிப் பக்கம் களத்துக்குப் போகிறவள். போன இடத்தில் பெயர்ப்பலகை தெரிய ஒரு படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவாள். யார் கேட்டது என்றேன்.

“ஒருத்தரும் கேக்கல்ல சேர். எல்லாரும் போடுறாங்க, நானும் போட்டன்.”

மேலதிகாரியும் குழுவில் இருக்கிறார், வாய் திறப்பதில்லை. படத்தைக் கவனிக்கிறாரா என்றும் தெரியாது. கோபுரம் அங்கேதான் இருக்கிறது. அவள் வரைவிலோ அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, விரலடையாளத்துக்கு மட்டும் ஆறு பக்கம்!

அதிகாரம் என்றால் தடுப்பதும் அடக்குவதும் மட்டும் என்று எழுதுவதும் பிழை. அது ஆட்களை உருவாக்கவும் செய்யும். பிரதேச செயலகத்தில் ஒரு படிவம் நிரப்பினால் நீங்கள் 'பயனாளி'. அதற்குப் பிறகு உங்களைக் கணக்கெடுக்கலாம், தரம் பிரிக்கலாம், ஒப்பிடலாம். நீங்களும் உங்களை அந்தப் பெயரில் பேசத் தொடங்குவீர்கள்.

அப்புறம், நேற்று எடுத்த படத்தை இன்று போடுகிற கெட்டிக்காரர்களை விட்டுவிடாதீர்கள். அதிகாரம் உள்ள இடத்தில் எதிர்ப்பும் உண்டு என்று 1976இல் எழுதியவரும் ஃபூக்கோதான். அவரைப் பின்பற்றிய நிறுவன ஆய்வாளர்கள் தொழிலாளரின் எதிர்ப்பைக் காணாமல் விட்டார்கள் என்று தொம்சனும் அக்ரோய்டும் 1995இல் நன்றாகவே குறை சொன்னார்கள்.

எல்லாவற்றுக்கும் ஃபூக்கோ தேவையும் இல்லை. இடமாற்றக் கடிதத்தின் கீழே பெயரும் கையொப்பமும் இருக்கும். அதற்கு டால் சொன்னதே போதும்.