ஆடு கதை சொல்லும் படத்தைச் சண்டைப் படம் மாதிரி விற்காதீர்கள்

நண்பர் ஒருவர் எடுத்த சின்னப் படத்தின் கோவை ஏரியா ரிலீஸுக்காக மூன்று வாரம் கூடவே அலைந்தேன். காணாமல் போன வெள்ளாட்டைத் தேடி ஒரு பெரியவர் டிவிஎஸ் 50-இல் காங்கயத்திலிருந்து தாராபுரம் வரை போகிறார், கதையைச் சொல்வது அந்த ஆடு. எனக்கு உயிரான படம். இரண்டாம் நாளே ஆள் இல்லாமல் பாதி ஷோ பிரேக் ஆகிவிட்டது, அதாவது காட்சியே ரத்து. வெளியிட்ட விதத்தில் நாங்கள் செய்த தவறுகளை எழுதி வைக்கிறேன், இதே மாதிரி படம் கையில் வைத்திருப்பவர்களாவது தப்பிக்கட்டும்.

பெரிய தவறு ட்ரெய்லர்தான். ஆடு பேசுகிறது என்று தெரிந்தால் யாரும் வர மாட்டார்கள் என்று பயந்து, படத்தில் மொத்தமே ஒன்றரை நிமிடம் வரும் சந்தைச் சண்டையை எடுத்து, அதற்கு அதிரடி இசை போட்டு வெட்டினோம். போஸ்டரில் ஆடே இல்லை, அரிவாள் இருந்தது. திருப்பூரில் முதல் நாள் மாலைக் காட்சிக்கு நாற்பது பேர் வந்தார்கள், இடைவேளையில் பாதிப்பேர் வண்டியை எடுத்துவிட்டார்கள். வாசலில் ஒரு பையன், "ஏனுங்ணா, சண்டைப் படம்னு வந்தமுங்க, ஆடு பேசிட்டே இருக்குதுங்க" என்றான். அவன் கோபம் நியாயம். அதே காட்சியில் கடைசி வரிசையில் பேரனோடு வந்திருந்த ஒரு அம்மா ஆடு வாயைத் திறந்தாலே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரை மாதிரி ஆட்களைக் கூப்பிடும் எதுவும் எங்கள் போஸ்டரில் இல்லை. படத்தில் எது விநோதமோ அதைப் பெரிதாகப் போடுங்கள்.

அடுத்தது ஸ்க்ரீன் ஆசை. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என்று ஏரியா முழுக்கப் போட்டால் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் கட்டணம் சின்னப் படத்துக்குப் பெரும்பாலும் தயாரிப்பாளர் தலையில்தான் விழும், தியேட்டர் காலியாகக் கிடந்தாலும் கட்ட வேண்டும். மொத்தமே நாலு ஊரில் போட்டால் போதும்.

ஷோ நேரத்தையும் ஊரைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு லீவு, அங்கே போய் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி வாங்கினோம். யார் வருவார்கள்? அந்தக் காலி ஷோவைப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டர்காரர் சனிக்கிழமைக் காட்சியை வேறு படத்துக்குக் கொடுத்தார். சனி இரவும் ஞாயிறு மதியமும் மட்டும் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் அந்த ஞாயிறு வைகாசி முகூர்த்தம் வேறு, காங்கயம் பக்கம் குடும்பம் குடும்பமாக மண்டபத்தில் இருந்தார்கள். தேதி குறிக்கும் முன் தினசரிக் காலண்டரைப் பாருங்கள்.

ஓடிடி பணம் வந்துவிடும் என்று கடன் வாங்காதீர்கள். தியேட்டரில் எப்படிப் போனது என்று பார்த்துவிட்டுத்தான் இப்போது பல தளங்கள் பேசவே வருகின்றன.

ரிலீஸுக்கு முன் வெளியாட்கள் யாருக்கும் காட்டாததும் தவறு. கோவையில் கோணங்கள் மாதிரி திரைப்படக் கழகங்கள் இருக்கின்றன, அங்கே கேட்டுப் பார்த்திருக்கலாம். ஊர்களுக்கும் போயிருக்கலாம். ரயில்வே வேலையில் இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, டென்ட் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார், கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டர் கட்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான். நமக்கு இது புது வழியே இல்லை.

மூன்றாவது வாரம்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. படம் எடுத்த ஊரிலேயே கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டோம். படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. "அது கன்னி ரக ஆடுங்க, தெக்கத்தி ஆடு, நம்மூர்ல ஏதுங்க" என்று ஒரு பெரியவர் ஆரம்பிக்க, ஆடு சொன்னது சரியா, படத்தில் வரும் பெரியவர் செய்தது சரியா என்று அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. மறுநாள் வெள்ளகோவிலிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "அந்த ஆட்டுப் படத்தை எங்கூர்லயும் போடுவீங்களா?" என்று கேட்டார்.