ஜெர்மனியில் மொழி படிக்கிறீர்களா? கூச்சத்தோடேயே நண்பர்களைச் சேர்ப்பது எப்படி

"கூச்சத்தை விடுங்க, தைரியமாப் பேசுங்க" என்ற அறிவுரையால் பயனடைந்த கூச்சக்காரர் யாரும் இருக்க முடியாது. கூச்சம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். ஒரே ஆட்களை, ஒரே கிழமையில், ஒரே இடத்தில் வாராவாரம் பார்க்கிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டால் போதும். ஜெர்மனியில் பெரும்பாலான நட்புகள் அப்படித்தான் முளைக்கின்றன. ஜெர்மன் மொழித் தேர்ச்சியின் முதல் நிலையான ஏ1 முடித்து, அடுத்த நிலையான ஏ2-வில் திக்கித் திணறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

படி 1: நான்கு வாக்கியங்களை வாய்க்குப் பழக்குங்கள்

கூச்சக்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொள்வது முதல் வாக்கியத்தில்தான். அதை மட்டும் யோசிக்காமல் வரும்படி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"இஸ்ட் ஹியா நோஹ் ஃப்ரை?" (இந்த இடம் காலியா?)
"இஷ் லெர்னெ நோஹ் டாய்ட்ஷ்." (நான் இன்னும் ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறேன்.)
"வீ பிட்டெ?" (என்ன சொன்னீர்கள்?)
"கன் இஷ் மிட்மாஹன்?" (நானும் சேர்ந்துகொள்ளலாமா?)

ஒவ்வொன்றையும் நாளுக்கு இருபது முறை, சத்தமாக. மனதுக்குள் சொல்வது கணக்கில் சேராது. முதல் வாக்கியத்தைப் பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் சோதித்துப் பாருங்கள். தட்டோடு நின்று கேட்டால் "யா, க்ளார்" என்று பதில் வரும், உட்கார்ந்துவிடலாம். அதற்கு மேல் அன்றைக்குப் பேசாவிட்டாலும் குற்றமில்லை.

மாணவர்கள் தங்களுக்குள் முதல் நாளே "டூ" போட்டுத்தான் பேசுவார்கள். முன்பின் தெரியாதவரை "நீ" என்பது நமக்கு உறுத்தும். ஆனால் சக மாணவரிடம் "ஸீ" என்று மரியாதை காட்டினால் விலகி நிற்கிறீர்கள் என்று அர்த்தமாகிவிடும். வயதில் மூத்தவர்களிடமும் அலுவலகங்களிலும் "ஸீ"தான். "டூ"வுக்கு மாறலாம் என்று மூத்தவரே சொல்லட்டும்.

படி 2: டாண்டம் துணை பிடியுங்கள்

இருவர் ஒருவருக்கொருவர் மொழி கற்றுக்கொடுப்பதற்குப் பெயர் டாண்டம். பல்கலைக்கழக மொழி மையங்கள் பலவற்றில் இதற்கு ஆள் சேர்த்துவிடுகிறார்கள். அறிவிப்புப் பலகையிலும் சீட்டு ஒட்டலாம். தமிழ் கற்க ஆள் கிடைப்பது அபூர்வம். தமிழ் சொல்லிக்கொடுக்கும் தெற்காசிய நிறுவனம் ஹைடல்பெர்க்கில் இருக்கிறது, அந்த ஊர்க்காரர்கள் முயன்று பார்க்கலாம். மற்றவர்களுக்கு ஆங்கிலம்தான் கைமாற்று.

கூச்சக்காரருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எதிரில் ஒரே ஆள், அவரும் தப்புத் தப்பாகப் பேசப்போகிறவர். சில விதிகளை மட்டும் முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள்:

முதல் 30 நிமிடம் ஜெர்மன், அடுத்த 30 நிமிடம் ஆங்கிலம். கைப்பேசியில் அலாரம் வையுங்கள். வரிசையை மாற்றாதீர்கள்: ஆங்கிலத்தில் தொடங்கினால் ஜெர்மனுக்குத் திரும்ப இருவருக்குமே மனம் வராது.

பிழைகளைக் குறித்துவைத்துக் கடைசியில் மூன்றை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தினால் வாய் மூடிக்கொள்ளும்.

பேச என்ன இருக்கிறது என்ற பயத்துக்கு மருந்து, கைப்பேசியில் ஐந்து படங்கள். உங்கள் தெரு, சந்தை, வீட்டு அடுப்படி. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் தாராளமாக ஓடும்.

சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு முறை வராதவரை விட்டுவிட்டு வேறு ஆள் பாருங்கள்.

படி 3: கைக்கு வேலை இருக்கும் இடத்தில் சேருங்கள்

ஜெர்மனியில் எதற்கெடுத்தாலும் ஒரு சங்கம் உண்டு; "ஃபெரைன்" என்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம் என்பதால் மேசைப்பந்துக்கும் பாட்டுக்கும் தோட்டத்துக்கும் தனித்தனியாக வைத்திருப்பார்கள். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகள் இன்னும் மலிவு. ஆனால் பிரபலமான வகுப்புகள் பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடும்.

எங்கள் முதல் சிபாரிசு சேர்ந்திசைக் குழு. பாடும் நேரம் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை. உச்சரிப்பும் தானாகத் திருந்தும். அடுத்தது பலகை விளையாட்டு இரவுகள். உங்கள் முறை வரும்போது மட்டும் பேசினால் போதும்.

குறைந்தது ஐந்து வாரம் விடாமல் போங்கள். முதல் இரண்டு வாரம் உங்களை யாரும் கண்டுகொள்ளாத மாதிரி இருக்கும். அது வெறுப்பில்லை, தொந்தரவு செய்யக்கூடாது என்ற பழக்கம். பெரும்பாலானவர்கள் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான்.

ஆறு பேர் மேசையில் பேச்சு பிடிபடாது. பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் பேசுங்கள். அவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவினால், படி 1-இல் பழகிய இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஜெர்மனிலேயே தொடருங்கள்.

படி 4: நாளும் மணியும் சொல்லி அழையுங்கள்

"ஒரு நாள் பார்ப்போம்" என்றால் அந்த நாள் வராது. "வியாழன் ஏழு மணிக்கு வர்றியா, தோசை சுடலாம்" என்று கேளுங்கள். இரண்டு வாரம் தள்ளித்தான் முடியும் என்று நாள்காட்டியைப் பார்த்துச் சொன்னால், அது உண்மையான சம்மதம். ஏழு என்றால் ஏழுக்கே மணி அடிப்பார்கள். மாவு அதற்குள் தயாராக இருக்கட்டும். சட்னியில் மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள்.

சாப்பாட்டு மேசையில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்கும்போது "டாங்கெ" என்று மட்டும் சொன்னால் வேண்டாம் என்று பொருள். வேண்டுமென்றால் "யா, கெர்ன". அடுத்து, நாம் சரி என்று ஆட்டும் பக்கவாட்டுத் தலையாட்டல் அவர்கள் கண்ணுக்கு மறுப்பாகவோ தயக்கமாகவோ தெரியும். கடைசியாக, அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது, இரண்டாம் தடவை வற்புறுத்துவார்கள் என்று நம்பி மரியாதைக்கு ஒருமுறை வேண்டாம் என்றால், பசியோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோக வேண்டியவரும் நீங்களே. வகுப்புக்கோ சேர்ந்திசைக் குழுவுக்கோ ஒன்றை எடுத்துப் போங்கள். இடைவேளையில் எல்லோரும் உங்களைத் தேடி வருவார்கள்.