ஏற்காட்டுக் குளிரில் சளிக்காய்ச்சல்: வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தைப் பனியில் ஒரு வீட்டில் இருமல் கேட்டால், வாரக் கடைசிக்குள் அந்த வரிசை முழுக்கக் கேட்கும். பெரும்பாலும் வைரஸ் காய்ச்சல்தான், தானாகப் போய்விடும். சேலத்தில் இருப்பவர் நடுராத்திரியிலும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். நமக்கோ நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே மூடுபனி. அதனால் எந்த முடிவையும் வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

1. நோட்டு போடுங்கள்

பழைய பால் கணக்கு நோட்டு போதும். காய்ச்சல் எவ்வளவு, மாத்திரை எத்தனை மணிக்கு, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை குறியுங்கள். "ராத்திரி போட்டேனா இல்லையா?" என்ற குழப்பத்தில்தான் மாத்திரை இரட்டிப்பாகிறது.

2. மாத்திரை

பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்கு மேல் வேண்டாம். ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். கடையில் தரும் சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். குழந்தைகளுக்கு எடைக் கணக்கு, அதை டாக்டர் சொல்லட்டும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

3. ஆகாரம், அறை

கஞ்சி, வெந்நீர், நம் தோட்டத்து மிளகு ரசம். ரசம் தொண்டைக்கு இதம், வைரஸை விரட்டாது. இதை அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேன் கூடாது. கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்கக் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள், கவிழ்ந்தால் தோல் வெந்துவிடும்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பை உள்ளே வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கும். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டரும் அதைக் கண்டுபிடிக்காமல், எல்லாம் சரி என்பதுபோலவே காட்டும்.

4. ஆக்ஸிமீட்டர்

போன வருடம் விடிகாலையில் அம்மாவின் விரலில் மாட்டினேன். 86! எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மாவோ, "டீ வை" என்கிறார். அப்புறம்தான் அவர் விரலைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் கட்டி. கம்பளிக்குள் வைத்துத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி மாட்டினால் 95.

அதனால் விரலைச் சூடாக்குங்கள். நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலாகப் பாருங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, எண் ஆடாமல் நின்றதும் குறியுங்கள். உயரத்தில் இருப்பவர்களுக்கு நல்ல உடம்பிலேயே ஒன்றிரண்டு குறைவாகக் காட்டலாம். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் நலமாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

5. மதியம் மூன்று மணி

நோட்டைத் திறங்கள். மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லையா? விட்ட காய்ச்சல் திரும்ப வந்ததா? ஆக்ஸிஜன் 93, 94-லேயே நிற்கிறதா? இருட்டும்வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். வயதானவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, சர்க்கரை அல்லது ஆஸ்துமா உள்ளவர் என்றால் இன்னும் முன்னதாகவே.

92-ஓ அதற்குக் கீழோ, மூச்சு வாங்கிப் பேச முடியவில்லை, நெஞ்சுவலி, உதடு நீலம், பேச்சில் குழப்பம்: எந்த நேரமானாலும் 108.

6. தேறும் நாட்கள்

காய்ச்சல் விட்டாலும் இருமல் மூன்று வாரம்வரை இழுக்கலாம். மேட்டுப் பாதையில் உடனே நடக்க வேண்டாம். அம்மா எட்டாம் நாளே மிளகு காயப்போட மாடிக்குக் கிளம்பி, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கூடையை நான் தூக்கினேன். அவர் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் பரப்பும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டிருந்தார், இடையில் ஒருமுறைகூட இருமாமல்.