மாட்யூல் பிழைத்துக்கொள்ளும், போர்டு போய்விடும்: வோல்டேஜ் கன்வர்ட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதன் தலையில் பித்தளைத் திருகு, பக்கத்தில் ஒரு காயில், இரண்டு கெப்பாசிட்டர். எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கு உள்ளவர்களின் மேசையில் இப்படி ஒரு எல்எம்2596 மாட்யூலாவது கிடக்கும். 12 வோல்ட்டை 5 ஆக்க இது; வோல்டேஜை இறக்கும் இந்த வகைக்குப் பக் என்று பெயர். லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டை 9 ஆக்க வேண்டுமென்றால் எம்டி3608; இது ஏற்றும் வகை, பெயர் பூஸ்ட். திருகைத் திருப்பினால் போதும். மாட்யூல் கருகினால் பெரிய நஷ்டமில்லை, இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலும் அது தப்பித்துக்கொள்கிறது. பின்னால் இருக்கிற மைக்ரோகண்ட்ரோலரும் டிஸ்ப்ளேயும் சென்சாரும்தான் பலியாகின்றன.

அளக்காமல் லோடு கொடுப்பது

புது மாட்யூலின் திருகு எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லவே முடியாது. நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டைப் பலிகொடுத்துத்தான். அந்தச் சிப் தாங்குவது 3.6 வோல்ட். என் மாட்யூலோ உள்ளே வந்த 12 வோல்ட்டை ஏறக்குறைய அப்படியே வெளியே விட்டுக்கொண்டிருந்தது. புகை வந்த பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன்.

முதலில் இன்புட்டை மட்டும் கொடுங்கள். அவுட்புட்டில் மீட்டரை வைத்துக்கொண்டு, வேண்டிய வோல்டேஜுக்குத் திருகைத் திருப்புங்கள். அப்புறம் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, போர்டுக்குப் பதிலாக 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். 5 வோல்ட்டில் அது அரை ஆம்பியர் இழுக்கும். அப்போதும் வோல்டேஜ் அசையாமல் நின்றால் போர்டை நம்பி மாட்டலாம். போர்டு மாட்டியிருக்கும்போது மட்டும் திருகில் கை வைக்க வேண்டாம். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

எல்எம்2596 தன் ஃபீட்பேக் காலில் (அவுட்புட்டைக் கண்காணிக்கும் கால்) எப்போதும் 1.23 வோல்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. பல மாட்யூல்களில் அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 330 ஓம் ரெசிஸ்டரும், அவுட்புட்டுக்கு 10 கிலோஓம் பிரீசெட்டும் (திருகு உள்ள அந்த நீலப் பெட்டி, திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) இருக்கும். பிரீசெட் முழுவதும் சுற்றி வர ஏறத்தாழ 25 சுற்று ஆகும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 400 ஓம். 330 ஓமில் 1.23 வோல்ட் விழச் செய்யும் அதே கரண்ட் பிரீசெட்டிலும் ஓடுவதால், அது அவுட்புட்டில் கிட்டத்தட்ட 1.5 வோல்ட். 3.3 வோல்ட்டில் ஓடும் போர்டு மாட்டியிருக்கும்போது ஸ்க்ரூடிரைவர் கால் சுற்று கூடுதலாகத் திரும்பினாலே எல்லை தாண்டிவிடும்.

இன்னொரு ஆபத்து அதே பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. மலிவான பிரீசெட்டில் நகரும் தொடுமுனை நாளடைவில் தொடர்பு விட்டுப்போகும். அப்படிப் போனால் அவுட்புட் குறையாது, முழுசாக ஏறும். திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது திருகு நகராமல் தடுக்கும், உள்ளே தொடர்பு விடுவதைத் தடுக்காது. நிரந்தரமாகப் பொருத்தப்போகும் கருவி என்றால், பிரீசெட்டைக் கழற்றிவிட்டு அதே மதிப்புள்ள நிலையான ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிடுவதே நல்லது. மேலே சொன்ன அமைப்பில் 5 வோல்ட்டுக்கு 1 கிலோஓம் சரியாக வரும்.

எம்டி3608 வாங்கியவர்கள் செய்வது இதற்கு நேரெதிரான தவறு. திருகைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், மீட்டர் அசையாது. செத்துப்போன மாட்யூல் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். பூஸ்ட் கன்வர்ட்டரால் இன்புட்டுக்குக் கீழே இறங்க முடியாது. திருகு கேட்கும் வோல்டேஜ் இன்புட்டைவிடக் குறைவாக இருக்கும்வரை, இன்புட்டில் டையோடு எடுத்துக்கொண்டது போக மீதிதான் வெளியே வரும். சளைக்காமல் சுற்றுங்கள், ஆனால் கண் மீட்டரிலேயே இருக்கட்டும். ஏறத் தொடங்கிவிட்டால் விறுவிறுவென்று ஏறும்.

போர்டில் அச்சடித்த ஆம்பியரை நம்புவது

எல்எம்2596 சிப்பின் எல்லை 3 ஆம்பியர் என்பது உண்மை. ஹீட்சிங்க் இல்லாத சின்ன மாட்யூலில் அதைத் தொடர்ந்து எடுக்க முடியாது. 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 2 ஆம்பியர் எடுத்தால் வெளியே போவது 10 வாட். திறன் (உள்ளே போவதில் வெளியே வரும் பங்கு) 80 சதவீதம் என்று வைத்தால் 2.5 வாட் வெப்பமாக அந்தத் துளி இடத்திலேயே நிற்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம். 3.3 வோல்ட்டுக்கு இறக்கும்போது திறனும் குறைகிறது. போலிச் சிப் தொல்லை வேறு. அசல் எல்எம்2596 சுவிட்ச் ஆவது 150 கிலோஹெர்ட்ஸில். மலிவு மாட்யூல்கள் பலவற்றில் ஆஸிலோஸ்கோப் வைத்தால் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் காட்டும். காயில் மட்டும் 150 கிலோஹெர்ட்ஸுக்கான அளவிலேயே இருப்பதால் சூடும் ரிப்பிளும் (அவுட்புட் வோல்டேஜின் சிற்றாட்டம்) கூடும். எந்த மாட்யூலாக இருந்தாலும் எழுதியிருப்பதில் பாதிதான் எனக்குக் கணக்கு.

பூஸ்ட் மாட்யூலில் இந்த ஏமாற்றம் இன்னும் பெரிது. அங்கே பெரிதாக எழுதியிருக்கும் ஆம்பியர் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சுவிட்ச் தாங்கும் அளவு, நமக்கு வெளியே கிடைப்பது அல்ல. ஒரு லித்தியம் செல்லிலிருந்து 12 வோல்ட், 1 ஆம்பியர் வேண்டும் என்று வையுங்கள். 85 சதவீதத் திறனில் உள்ளே 14 வாட் போக வேண்டும். 3.7 வோல்ட்டில் அது 3.8 ஆம்பியர். செல் 3.2க்கு இறங்கும்போது 4.4 ஆம்பியர். வோல்டேஜ் குறையக் குறைய மாட்யூல் கூடுதலாக இழுக்கும், இழுக்க இழுக்க மெல்லிய வயரிலும் பிரெட்போர்டு துளையிலும் வோல்டேஜ் மேலும் விழும். கடைசியில் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும். மாட்யூல் சரியில்லை என்று நினைக்கிற பல இடங்களில் குற்றவாளி ஜம்பர் வயர்தான்.

பக் வகைக்கு வேறொரு நிபந்தனை. அவுட்புட்டைவிட இன்புட் ஒன்றரை, இரண்டு வோல்ட்டாவது அதிகமாக இருக்க வேண்டும். யுஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்து 4.5 எடுக்க எல்எம்2596 உதவாது.

ஒரு மாட்யூல் போதாது என்று இரண்டின் அவுட்புட்டைச் சேர்த்துக் கட்டுவதும் வேலைக்கு ஆகாது. எதில் வோல்டேஜ் துளி கூடுதலோ அதுவே மொத்தச் சுமையையும் இழுத்துக்கொண்டு சூடாகும்.

கிரவுண்டு எல்லாம் ஒன்று என்று நினைப்பது

இரண்டு மூன்று திருகுகள் உள்ள கரண்ட் லிமிட் மாட்யூல்கள், உதாரணத்துக்கு எக்ஸ்எல்4015 வைத்து வருபவை, பலமுறை கரண்டை அளப்பது நெகட்டிவ் பாதையில். அதாவது இன்புட் நெகட்டிவுக்கும் அவுட்புட் நெகட்டிவுக்கும் நடுவே ஒரு குறைந்த ஓம் ரெசிஸ்டர் இருக்கும். நாம் பழக்கதோஷத்தில் எல்லா நெகட்டிவையும் ஒன்றாகக் கட்டிவிடுவோம். கரண்ட் அந்த ரெசிஸ்டரைச் சுற்றிப் போய்விடும், மாட்யூலுக்கு எதுவும் தெரியாது, லிமிட் வேலை செய்யாது. இன்புட் பக்கத்திலிருந்து ஓடும் மைக்ரோகண்ட்ரோலரையும் அவுட்புட் பக்கத்து லோடையும் ஒரு சிக்னல் கிரவுண்டால் இணைத்தாலும் இதே கதைதான். மின்சாரம் இல்லாதபோது இரண்டு நெகட்டிவுக்கும் இடையே சோல்டர் பாதையைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

இதே மாட்யூலை லித்தியம் சார்ஜராக்குபவர்களும் உண்டு. 4.20 வோல்ட் வைத்தால் சார்ஜ் ஆகும், ஆனால் நிரம்பியதும் தானாக நிற்காது. இன்புட்டை மட்டும் நிறுத்தினால் செல்லிலிருந்து பின்னோக்கிக் கரண்ட் ஓடவும் வாய்ப்பு உண்டு. சார்ஜிங்குக்கென்றே உள்ள போர்டை வாங்கிவிடுங்கள்.

கரண்ட் லிமிட் வைக்க மீட்டரின் சிவப்பு வயரை ஆம்பியர் துளைக்கு மாற்றுவோம். வேலை முடிந்ததும் அதைத் திருப்பி மாற்ற மறந்து, அடுத்து பேட்டரி வோல்டேஜைப் பார்க்கப் போனால் பேட்டரியையே ஷார்ட் செய்கிறோம்.

மின்சாரம் இருக்கும்போது செருகுவது

செராமிக் கெப்பாசிட்டர் மட்டுமே உள்ள குட்டி மாட்யூல்களுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் சப்ளையை நீளமான வயரில் சட்டென்று செருகினால், வயரின் இண்டக்டன்ஸும் அந்தக் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஊஞ்சலாடும். கணநேரத்துக்கு வோல்டேஜ் இரண்டு மடங்கு வரை எகிறலாம். 28 வோல்ட் தாங்கும் எம்பி1584 என்ற குட்டிப் பக் மாட்யூலுக்கு 24 வோல்ட் கொடுத்துவிட்டு, வரம்புக்குள்தானே இருந்தேன் என்று குழம்புவது இதனால்தான். இன்புட்டில் 100 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைச் சேர்த்தால் அந்த ஆட்டம் அடங்கிவிடும். துருவம் மாற்றிக் கொடுப்பதற்கு இவற்றில் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். இன், அவுட் என்று எழுதியிருப்பதை இரண்டு முறை படியுங்கள்.

பாதுகாப்பு இருக்கும் என்று எண்ணுவது

எம்டி3608 போன்ற பூஸ்ட்டில் அவுட்புட்டை ஷார்ட் செய்தால் தடுக்க ஆளில்லை. சிப்பை அணைத்தாலும் காயில், டையோடு வழியாக இன்புட் நேராக வெளியே போகும். எனவே அதற்கு முன்னால் ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

பக் கன்வர்ட்டர் கெடும்போது உள்ளே இருக்கும் சுவிட்ச் ஷார்ட் ஆகிவிட்டால், 12 வோல்ட்டும் அப்படியே 5 வோல்ட் லைனுக்கு வந்துவிடும். விலை உயர்ந்த போர்டு பின்னால் இருக்கிறதென்றால் நான் இன்புட்டில் ஒரு ஃபியூஸும், அவுட்புட்டின் குறுக்கே 5.6 வோல்ட், 5 வாட் ஸீனர் டையோடும் வைப்பேன். வோல்டேஜ் ஏறியதும் ஸீனர் கரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஃபியூஸ் போகும். ஸீனரே ஷார்ட் ஆகிச் செத்தாலும் பரவாயில்லை, அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.