விடுதி அறையில் வேர்க்கடலைத் தயிர்: மிளகாய்க் காம்பில் உறை ஊற்றும் முறை

கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு நனிசைவத்துக்கு, அதாவது பால், நெய் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாத வீகன் முறைக்கு, மாறுவதில் முக்கால்வாசி சுலபம். இட்லி, சாம்பார், ரசம், பொரியல், சுண்டல், புளிசாதம் எல்லாம் மெஸ்ஸில் ஏற்கெனவே இருக்கின்றன. பொங்கலில் நெய் ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டி தனியாக எடுத்து வைக்கும்படி சமையல் மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் போதும். பலருக்கும் உறுதி குலைவது சாப்பாட்டின் கடைசிக் கட்டத்தில், தயிர் வாளி வரும்போதுதான். அதனால் தயிருக்கு ஒரு வழி செய்துகொண்டு மாறுவதே நல்லது.

"பால் கறப்பதில் என்ன கொடுமை?" என்று பந்தியில் கேட்பார்கள். கன்று ஈனாமல் எந்தப் பசுவும் பால் கறக்காது. ஈனுவதில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்று. அது பால் தராது, டிராக்டர் வந்தபின் ஏரிலும் பெரும்பாலும் பூட்டுவதில்லை. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறக்கும் வழக்கம் நம் ஊரிலேயே உண்டு. பால் கூடுதலாகச் சுரக்க, பசுவின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி குற்றம். அந்தச் சட்டத்துக்கு முன்னோடியான தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். கேட்பவருக்கு இவ்வளவு சொன்னால் போதும். இனி அடுப்படி.

வேண்டியவை

தோலோடு உள்ள பச்சை வேர்க்கடலை 100 கிராம், தண்ணீர் 400 மி.லி., சர்க்கரை அரை தேக்கரண்டி, காம்போடு பச்சை மிளகாய் 10, பழைய பருத்தித் துண்டு. வறுத்த கடலை உதவாது. பால் பழுப்பாகி வறுவல் வாசனை அடிக்கும், தயிரும் சரியாக உறையாது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை உள்ளது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூசணம் பிடித்த கடலையின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அறைத் தோழருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மிக்சி 400 வாட் அளவில் சிறிய ஜாரோடு இருந்தால் போதும். சார்ஜ் ஏற்றும் கையடக்க பிளெண்டரை மட்டும் வாங்காதீர்கள். கடலை நைசாக அரைபடாது. நைசாகாவிட்டால் பால் இறங்காது. மெஸ் மிக்சியை இரண்டு நிமிடம் கேட்டு வாங்குவது அதைவிட மேல். பால் வடிகட்ட என்று விற்கும் நைலான் பையும் தேவையில்லை.

பால் எடுப்பது

கடலையை 8 மணி நேரம் ஊறவையுங்கள். தேய்த்துத் தோலை நீக்கிக் கழுவுங்கள். தோல் தங்கினால் துவர்க்கும். முதலில் 100 மி.லி. தண்ணீரில் வெண்ணெய்போல அரைத்து, பிறகு மீதி 300 மி.லி. விட்டு ஒரு சுற்று சுற்றித் துணியில் பிழியுங்கள். மொத்தத் தண்ணீரையும் தொடக்கத்திலேயே விட்டால் கடலை நழுவிக்கொண்டே இருக்கும், அரைபடாது. சக்கையை எறிய வேண்டாம். மெஸ் பொரியலில் சேர்த்து வேகவைக்கச் சொல்லலாம். பச்சையாகச் சாப்பிடக் கூடாது.

கொதிக்க வைப்பது

குறுகிய வாய் உள்ள மின் கெட்டிலில் இந்தப் பாலை நேரடியாக ஊற்றாதீர்கள். அடியில் பிடித்துக் கருகும், மேலே பொங்கி மின் இணைப்பில் இறங்கும். அகல வாய்க் கெட்டில் இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றி, உள்ளே பால் உள்ள எவர்சில்வர் பாத்திரத்தை நிற்கவைத்து 20 நிமிடம் கிளறியபடி காய்ச்சுங்கள். கரண்டியின் முதுகில் படியும் பதம் வர வேண்டும். விடுதியில் கெட்டிலுக்கு அனுமதி இல்லையென்றால் மெஸ் அடுப்பில் மிதமான தீயில், கொதி வந்தபின் 5 நிமிடம், அடிபிடிக்காமல் கிளறுங்கள். காய்ச்சாமல் உறை ஊற்றினால் தயிர் கெட்டிப்படாது. மேலே திப்பி, கீழே தண்ணீர்தான். சர்க்கரையை இப்போது சேர்த்துவிடுங்கள். வேர்க்கடலையில் பால் சர்க்கரையான லாக்டோஸ் கிடையாது. புளிக்கவைக்கும் நுண்ணுயிருக்கு இந்த அரை தேக்கரண்டி உதவும்.

உறை: பெரும்பாலோர் தோற்கும் இடம்

மிளகாயின் பச்சைக் காம்பிலும் அதன் தொப்பியிலும் தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் இயல்பாகவே இருக்கின்றன. தொப்பியோடு கிள்ளி எடுங்கள். லேசாக அலசினால் போதும், தேய்த்துக் கழுவ வேண்டாம்.

முதல் நாளே முழு அளவு போடாதீர்கள். 25 கிராம் கடலையில் 100 மி.லி. பால் எடுத்து அதில் 10 காம்புகளையும் அமுக்கி 12 மணி நேரம் மூடி வையுங்கள். கிடைப்பது நீர்த்திருக்கும், மிளகாய் வாடை அடிக்கும். இதைச் சுவைத்துப் பார்த்து "இதுதான் வேர்க்கடலைத் தயிரா?" என்று முகம் சுளித்துக் கைவிட்டவர்களே அதிகம். இது தயிரே இல்லை, உறை மட்டும்தான். காம்பை எடுத்துவிட்டு, அடுத்த நாள் 100 கிராம் கடலைப் பாலில் இதிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். அந்த இரண்டாம் ஈடுதான் தயிர்; மூன்றாவது அதைவிட நன்றாக வரும்.

சூடு இரண்டாவது கண்ணி. சுண்டுவிரலை விட்டு நிதானமாகப் பத்து எண்ண முடிய வேண்டும். 40 டிகிரி செல்சியஸ் அளவு. அதைவிட மிகவும் சூடு என்றால் உறை செத்துவிடும். ஆறும்போது மேலே கட்டும் ஆடையை அவ்வப்போது கலக்குங்கள், இல்லாவிட்டால் மேலே ஆறியதுபோல் தோன்றி உள்ளே சூடு இருக்கும். உறை ஊற்றிக் கலக்கியபின் ஆட்டக் கூடாது. சென்னை வெயிலில் 6 முதல் 8 மணி நேரம். மண்சட்டி கிடைத்தால் அதில் உறைய வையுங்கள், கூடுதல் நீரை அது இழுத்துக்கொள்ளும்.

நீர் பிரிந்து கட்டி மிதந்தால் நேரம் கூடிவிட்டது, அல்லது பால் நீர்த்திருந்தது. கலக்கி மோராக்கலாம். நூல் நூலாக இழுத்தாலோ இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ உறையோடு சேர்த்துக் கொட்டிவிடுங்கள். குளிர்பெட்டியில் 3 நாள் தாங்கும். வெளியில் அன்றே முடிக்க வேண்டும்.

செய்து பார்த்தவர்கள் கேட்டதால் பிறகு சேர்த்தவை

ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் உறையவில்லை என்றார்கள். ஹாட்பேக்கில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடத்தில் கொட்டிவிட்டு, தயிர்ப் பாத்திரத்தை அதனுள் வையுங்கள்.

மோர்க்குழம்பில் திரிகிறதா? ஒரு தேக்கரண்டி அரிசிமாவைத் தயிரில் கரைத்து, அடுப்பை அணைத்தபின் சேர்க்கவும்.

பால் தயிருக்கு இது சுவையில் மாற்று. சத்தில் முழு மாற்று அல்ல. வைட்டமின் பி12 இதில் இல்லை. எந்தத் தாவர உணவையும் அதற்கு நம்ப முடியாது. நாளுக்கு 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் மாத்திரையாக எடுப்பது நனிசைவர்களுக்குச் சொல்லப்படும் அளவு. விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆன கூடு உள்ளதைத் தவிருங்கள். ஏற்கெனவே கை கால் மரத்துப்போகிறது, அசதி என்றால் முதலில் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை. கால்சியத்துக்குக் கேழ்வரகு: 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம். எள்ளுருண்டையும் நல்லது.

கேன்டீன் பிஸ்கட்டில் பச்சைப் புள்ளி இருப்பதை நம்ப வேண்டாம். அந்தக் குறி பாலை அனுமதிக்கிறது. பொருள் பட்டியலில் பால் திடப்பொருள், பாலிலிருந்து எடுக்கும் வே (whey), கேசின் (casein) இருக்கிறதா என்று பாருங்கள். 2022-இல் வந்த நனிசைவ உணவு விதிமுறைகளின்படி தனியே ஒரு பச்சை 'வி' முத்திரை உண்டு.

செமஸ்டர் விடுமுறையில் உறையைப் பாதுகாக்க வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: தேவையில்லை. திரும்பி வந்ததும் பத்து மிளகாய் வாங்கி 25 கிராம் கடலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள், இரண்டாம் நாள் தயிர் வந்துவிடும்.